கயிற்றுக் கட்டையில் பல்தடம்

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
8 அக்டோபர் 1996

பெர்கன்லோ அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வென்சிங்க் அம்மையாருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. போன மாதம் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கிய கிழவிக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பச்சைத் தொப்பி. உங்கள் ஊர் ரீ அம்மாவின் வீட்டு மாடியில் தங்கி, அவர் கொடுத்த பட்டாணி சூப்பை மூன்று நாளும் மிச்சம் வைக்காமல் குடித்தவள்.

1944-ல் உங்கள் ஹாலந்தில் ஆர்னெம் பாலத்தை ஜெர்மன்காரர்களிடமிருந்து பிடிக்கப் பாராசூட்டில் குதித்தவர்களில் என் அண்ணன் எர்னியும் ஒருவன். எர்னஸ்ட் ஹார்கர், இருபத்தொரு வயது. உங்கள் ஊரில் யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் பாத்திக்குள் செத்துக் கிடந்தான். வீட்டுக்கு அவனுடைய பொருள் என்று ஒன்றும் திரும்பி வரவில்லை. இருந்த ஒரே போட்டோவையும் அம்மா தன் சவப்பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அப்படியே வைத்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை பூவோடு நின்றதே, எல்லாரும் ஒன்றாகக் குனிந்து வைத்தார்களே, அது முடிந்ததும் மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். என் அண்ணன் கல்லுக்குப் பின்னால் நின்ற பெண் மட்டும் போகவில்லை. பெயர் ஃபென்னா என்றாள். பத்து வயதிருக்கும், முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிசு. தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அது தீர்ந்ததும் கையால் சொன்னாள். ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு கட்டை. தன் கைமுட்டியை வாயில் வைத்துக் கடித்துக் காட்டினாள். அப்புறம் கல்லில் இருக்கிற பெயரைத் தொட்டாள்.

ரீ அம்மா பக்கத்தில் வந்து அவளிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார்: "மியூசியத்துல உங்க அண்ணனோட கயிறு இருக்காம். விமானத்துல வரும்போது பயத்துல அந்தக் கட்டையைக் கடிச்சிருக்கார். பல்தடம் அப்படியே இருக்காம். பாடம் எடுக்குற அம்மா இவ கையில குடுத்துச் சொன்னாங்களாம்."

நான் லேசில் அழுகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். அன்றைக்கு ரீ அம்மாவின் நல்ல கோட்டிலேயே மூக்கைச் சிந்திவிட்டேன். ஏனென்றால் அது எர்னியேதான். எதைக் கண்டாலும் கடிப்பான். பென்சில், மரக்கரண்டி, அம்மாவின் தையல் டப்பா மூடி. "வயித்துல மரம் முளைக்கப் போகுது பாரு" என்று அம்மா கத்துவாள். இத்தனை வருஷம் அவன் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் வராமல் இருந்தது. அந்தப் பெண் கைமுட்டியைக் கடித்ததும் அவன் எங்கள் சமையலறை மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது.

கயிற்றை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் பிள்ளைகளுக்கு. ஒரே ஒரு தடவை அந்தப் பல்தடத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் முழங்கால் ஆபரேஷன் இருக்கிறது, அதனால் இப்போது வர முடியாது. வரும் செப்டம்பரில் வருவேன். அதுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

ஃபென்னாவுக்கு இத்துடன் ஒரு டப்பா டாஃபி அனுப்புகிறேன். கொடுத்துவிடுங்கள். பல்லைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
வினி ஹார்கர்


பெர்கன்லோ
30 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய மிஸ் ஹார்கர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் டாஃபியும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இலையுதிர்கால விடுமுறைக்கு முன் நிறையப் பள்ளிகள் வந்ததால் நேரம் கிடைக்கவில்லை.

தாங்கள் குறிப்பிடும் கயிறு எங்கள் பாடத்தில் முக்கியமான பொருள். பாராசூட் வீரர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருந்தது. ஒரு முனையில் மரக்கட்டை, மறுமுனையில் வளையம். ஒருவருடைய கட்டையை அடுத்தவருடைய வளையத்தில் மாட்டினால் நீளமான கயிறு ஆகும், சுவர் ஏறலாம், ஓடையைத் தாண்டலாம். பிள்ளைகள் வரிசையாக நின்று மாட்டிப் பார்ப்பார்கள். தனியாக இருந்தால் இந்தக் கயிறு எதற்கும் உதவாது என்பது அவர்களுக்குத் தானாகவே புரியும்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட கயிறு ஒரு குறிப்பிட்ட வீரருடையது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் கட்டையில் சில தடங்கள் இருப்பது உண்மை. அவை எப்படி வந்தன என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பாடத்தில் கேட்டதையும் தம் மனதில் இருப்பதையும் பிள்ளைகள் சேர்த்துக்கொள்வது உண்டு. ஃபென்னா கற்பனை வளம் உள்ள பெண். தங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பாள். அவள் மேல் வருத்தப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதனால் தங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு அருங்காட்சியகத்தின் சார்பில் வருந்துகிறேன். எங்கள் கண்ணாடிப் பெட்டிகளின் படம் போட்ட அட்டை ஒன்றை இணைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
அலைடா வென்சிங்க்
கல்விப் பிரிவு


கிரிம்ஸ்பி
11 நவம்பர் 1996

வென்சிங்க் அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று ஞாயிறு, போரில் செத்தவர்களுக்காக நாங்கள் கோயிலில் கூடும் நாள். எர்னி கட்டையைக் கடித்த கதையை நான் போன மாதமே எங்கள் பாதிரியாரிடம் சொல்லியிருந்தேன். அதைப் பிரசங்கத்தில் சொல்லலாமா என்று அப்போதே கேட்டார். தாராளமாக என்றேன்.

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை முழுசாக இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வலி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். நேற்று அவர் எழுந்து நின்று, ஒரு பையனின் பயத்தைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று பேசினார். ஆலையில் என்னோடு வேலை செய்த பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வரும்போது ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். உங்கள் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. இன்னொரு கை அதன் மேல்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எழுபத்தொரு வயதில் இப்படி வெட்கப்பட்டது கிடையாது.

அந்தப் பெண்ணைத் திட்ட மாட்டேன். ஆனால் யாராவது அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய பள்ளி முகவரிக்கு நாலு வரி எழுதிப் போட்டிருக்கிறேன். செத்தவர்களைப் பற்றி நமக்குத் தெரியாததைச் சொல்லக்கூடாது, கண்ணு, உயிரோடு இருப்பவர்களுக்கு வலிக்கும் என்று மட்டும். பாசமாகத்தான் எழுதினேன்.

கண்ணாடிப் பெட்டி அட்டைக்கு நன்றி.

வினி ஹார்கர்


பெர்கன்லோ
20 பிப்ரவரி 1997

மிஸ் ஹார்கர்,

இதற்கு முன் உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் நான் நல்லவளாக இருந்தேன். இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஃபென்னா எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் கடித்தார் என்று அவளிடம் சொன்னது நான்.

செப்டம்பரில் பூ வைப்பதற்கு முந்தின வாரம் அவர்கள் வகுப்பு வந்தது. கயிற்றுக் கட்டையைக் காட்டி, விமானத்தில் ஒரு வீரர் பயத்தில் கடித்தது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். எல்லா வகுப்பிலும் அதைத்தான் சொல்வேன். அதைச் சொன்னால் எவ்வளவு ஆட்டம் போடுகிற கூட்டமும் அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடித்துப் போயிருந்தது. பாடம் முடிந்து எல்லாரும் கோட்டு மாட்டப் போனபோது ஃபென்னா மட்டும் நின்றாள். யாருடைய கல்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அன்றுதான் எல்லாருக்கும் பெயர் கொடுத்திருந்தோம். "மத்தவங்க ஆளுக்கெல்லாம் இங்க போட்டோ இருக்கு. என் ஆளுக்கு ஒண்ணுமே இல்ல. பேர் மட்டும்தான்" என்றாள். அவளை அன்று யாரும் ஜோடி சேர்த்துக்கொள்ளவும் இல்லை. அவள் கையில் கட்டையைக் கொடுத்து, "யார் சொன்னா ஒண்ணுமே இல்லன்னு? இதைக் கடிச்சது உன் ஆளுதான். யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொன்னாள். நீங்கள் அவருடைய தங்கை, உங்களிடம் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே உண்மையை எழுதியிருக்க வேண்டும். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஊரில் தலை காட்ட முடியாது என்று பயந்தேன். அதனால் பத்து வயதுப் பெண்ணின் தலையில் போட்டேன். அவளைப் பாராட்டுகிற மாதிரி வார்த்தை தேடிப் போட்டேன்.

நீங்கள் ஃபென்னாவுக்கு எழுதியது அவளுடைய வாத்தியார் ஹார்ம் கையில் கிடைத்தது. அவர் அதை டச்சில் வகுப்பு முன்னால் படித்துக் காட்டியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, எல்லாருக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தார். மே நாலாம் தேதி மாலை ஊர் கூடி அஞ்சலி செலுத்தும்போது பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை ஒரு வீரரைப் பற்றிப் பேசும். இந்த வருஷம் ஃபென்னாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அதே வகுப்பு மறுபடி வந்தது. கயிறுகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். ஹார்ம், "ஃபென்னா, இன்னிக்கு யார் எதைக் கடிச்சாங்கன்னு கதை விடாம இரும்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பையன் தன் மஃப்ளரைக் கடித்துக்கொண்டு உறுமிக் காட்டினான். ஃபென்னா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் குனிந்து, நேராக இருந்த கயிறுகளை மறுபடி நேராக்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கயிறு போர்க்காலத்துக் கயிறே இல்லை. எங்களிடம் அசல் இரண்டுதான். மீதியெல்லாம் பிள்ளைகள் பிடித்து இழுப்பதற்காக எங்கள் தொண்டர் ஹெரிட் தன் கொட்டகையில் செய்து கொடுத்தவை. அந்தப் பல்தடம் அவருடைய நாயுடையது. பெயர் போல்லே.

மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அலைடா வென்சிங்க்


கிரிம்ஸ்பி
3 மார்ச் 1997

நாய்!

முதலில் சிரித்துவிட்டேன். ஊன்றுகோலோடு மாடிப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன், சிரித்ததில் விழப் பார்த்தேன். அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்தவள் பக்கத்து வீட்டுக்காரி வரும்வரை எழுந்திருக்கவில்லை. அம்பது வருஷத்துக்கு அப்புறம் என் அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்தான் என்று நினைத்தேன். வந்தது நாய்.

அதைக்கூட ஒருநாள் மறப்பேன். ஆலையில் என் மேஸ்திரி செய்யாத அநியாயமா. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். "கற்பனை வளம்" என்றீர்கள். படித்தவர்கள் கையில் பொய் என்ன அழகாக இருக்கிறது! அதை நம்பி நான் என் கைப்பட அவளுக்குப் புத்தி சொன்னேன். என் கடிதத்தை வைத்தே அவளை அடித்திருக்கிறார்கள். எர்னியின் கல்லுக்குப் பூ வைத்த பிள்ளையை நான் அடித்திருக்கிறேன், நீங்கள் என் கையைப் பிடித்து ஓங்க வைத்திருக்கிறீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்கிறீர்களா? உங்களுக்கே தெரியாதா, அம்மா? அவளைத் தனியாகக் கூப்பிட்டு மூலையில் வைத்துச் சாக்லேட் கொடுத்து மன்னிப்பு கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம். அவளுக்கு அவமானம் எல்லார் முன்னாலும் நடந்தது. அதே பிள்ளைகள் முன்னால், அந்த வாத்தியார் முன்னால், அவள் இருக்கும்போது சொல்லுங்கள். நாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். மே மாதத்துக்குள் அவள் இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

அதைச் செய்துவிட்டு எழுதுங்கள். செய்யாவிட்டால் எழுத வேண்டாம், நான் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

வினிஃப்ரெட் ஹார்கர்


பெர்கன்லோ
17 ஏப்ரல் 1997

மிஸ் ஹார்கர்,

பிரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேற்று சொன்னேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஏன் ஆனது என்று கேட்பீர்கள். முதலில் அருங்காட்சியகத் தலைவரிடம் சொன்னேன். "உள்ளுக்குள்ளேயே முடிச்சுக்கலாமே, எதுக்கு ஊரைக் கூட்டணும்?" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அந்த நிம்மதியோடு மூன்று வாரம் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஹார்முக்குப் போன் செய்து வகுப்புக்கே வருகிறேன் என்றேன்.

கயிற்றையும் எடுத்துப் போனேன். பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று, ஃபென்னா சொன்னது அத்தனையும் நான் அவளுக்குச் சொன்னது, நான் சொன்னது பொய், அவள் மேல் பழி விழுந்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் காது சூடாகிவிட்டது. ஹார்ம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் பிள்ளைகள் கேட்டார்கள். நீங்கள் நினைப்பதுபோல இல்லை. "அந்த நாய் இன்னும் உயிரோட இருக்கா?" இருக்கிறது என்றேன். அதற்கு ஏனோ எல்லாருக்கும் சந்தோஷம். "அப்ப ஹெல்மெட்டு? அதுவும் டூப்பா?" அசல்தான், ஆனால் அதிலிருக்கும் ஓட்டை குண்டு துளைத்தது இல்லை என்றேன். போருக்குப் பிறகு ஒரு விவசாயி அதில் கம்பு செருகிச் சாணி அள்ளியிருக்கிறார், அதற்காகப் போட்ட ஓட்டை. குண்டு என்று நான் சொன்னது கிடையாது. குண்டு என்று பிள்ளைகளாக நினைத்துக்கொண்டபோது இல்லை என்று சொன்னதும் கிடையாது. மஃப்ளரைக் கடித்த அந்தப் பையன், "சாணிதான் சூப்பர், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான்.

ஃபென்னா கடைசியில்தான் கையைத் தூக்கினாள். "அன்னிக்கு சார் சொல்லி எல்லாரும் சிரிச்சப்ப ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு" என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள். நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

ஹார்ம் வகுப்பு முன்னாலேயே அவளிடம் மன்னிப்பு கேட்டார். மே நாலாம் தேதி அவள்தான் பேசுகிறாள். செப்டம்பர் வரை நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். பின்னறையில் பாராசூட் துணிகளைப் பூச்சி அரிக்காமல் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது நியாயம்தான்.

ஃபென்னா ஒன்று கேட்கச் சொன்னாள். நேராகக் கேட்கவில்லை, ஹார்ம் மூலம் சொல்லி அனுப்பினாள். எர்னஸ்ட் ஹார்கரைப் பற்றி நிஜமான விஷயம் ஒன்று வேண்டுமாம். பெரிதாக இருக்க வேண்டாம், நிஜமாக இருந்தால் போதும் என்றாளாம். அவர் பென்சில் கடித்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதைச் சொல்லலாமா?

அலைடா


கிரிம்ஸ்பி
26 ஏப்ரல் 1997

அலைடா,

பிரித்தேன். ஆவி காட்டிப் பிரிக்கவில்லை, நேராகவே கிழித்தேன்.

பென்சிலைச் சொல்ல வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று என் சித்தப்பா மகள் ஆலிவ் டீ குடிக்க வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவள், எங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். படித்துக் காட்டினேன். பென்சில் என்று வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள். "எர்னியா? எர்னி எங்கடி பென்சிலைக் கடிச்சான்? கடிச்சது நீதான். வயித்துல மரம் முளைக்கப் போகுதுன்னு உங்கம்மா உன்னைத்தான் திட்டுவாங்க" என்றாள்.

நான் சண்டை போட்டேன். அவளைக் கிழட்டுக் கோட்டான் என்றெல்லாம் சொன்னேன். அவள் போன பிறகு அம்மாவின் தையல் டப்பாவை எடுத்து அந்த மூடியை என் வாயருகே வைத்துப் பார்த்தேன், அலைடா. எனக்குக் கீழ்ப்பல் ஒன்று குறுக்கே முளைத்தது. இப்போது பொய்ப்பல்தான், ஆனால் அது குறுக்காக இருந்த இடம் ஈறுக்குத் தெரியும். மூடியில் அந்தக் குறுக்குப் பல் அப்படியே இருக்கிறது.

சமையலறை மேஜையில் பென்சிலோடு எர்னியைப் பார்த்தேன் என்று உனக்கு எழுதினேனே. அங்கே நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் முகம் இல்லாத இடத்தில் என்னையே எடுத்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அப்படி இருந்துகொண்டுதான், தெரியாததைச் சொல்லாதே என்று அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொன்னேன். உன்னைத் திட்டியதை வாபஸ் வாங்கவில்லை. உனக்கு அது வேண்டும். ஆனால் திட்டிய வாயைப் பற்றியும் உனக்குத் தெரியட்டும். பாதிரியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். இருமினார்.

ஃபென்னாவுக்கு ஒன்று தருகிறேன். ஆலிவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன், அவளும் அன்று அங்கே இருந்தாள். எர்னிக்கு மீன் பிடிக்காது. ஊரே மீனில் பிழைக்கிற ஊர், எங்கள் அப்பா மீன் பெட்டி தூக்கியவர், எங்கள் வீட்டுத் திரைச்சீலைகூட நாறும். இவன் துறைமுகம் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வான். பாராசூட் படையில் சேரப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா, "உனக்கென்ன பைத்தியமாடா, அவ்வளவு ஒசரத்துலேருந்து குதிக்கிற?" என்று கத்தினார். அவன், "மேல மீன் நாத்தம் இருக்காதுல்லப்பா" என்றான்.

வீரம் அது இது என்று இதில் ஒன்றும் இல்லை. மே மாதக் கூட்டத்துக்குப் பொருத்தமா என்று எனக்குத் தெரியாது. நிஜமாக என்னிடம் இருப்பது இதுதான்.

அவளுக்குத் தனியாக எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். மன்னிப்பு கேட்டிருக்கிறேன். வாத்தியார் கையில் கொடுக்காதே.

வினி


பெர்கன்லோ
6 மே 1997

அன்புள்ள வினி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஃபென்னாவின் அம்மாவிடம் நேரில் கொடுத்தேன். வாசலோடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஞாயிறு மாலை வழக்கம்போல எட்டு மணிக்கு எல்லாரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பள்ளிப் பிள்ளை பேசுவது அதற்குப் பிறகு. நான் பின்னால், சைக்கிள்கள் சாத்தியிருக்கும் வேலியோரம் நின்றேன். முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் ஹெரிட், போல்லேயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். சில பிள்ளைகள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபென்னாவின் கையில் காகிதம் இல்லை. மைக் அவளுக்கு உயரமாக இருந்தது, மேயர் வந்து இறக்கி வைத்தார். "எர்னஸ்ட் ஹார்கர், கிரிம்ஸ்பி ஊர். இருபத்தொரு வயசு. அவருக்கு மீன் பிடிக்காது" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் இன்னும் சிலர். அந்த அஞ்சலிக் கூட்டத்தில் இதுவரை யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. ஹார்ம் பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தார். ஃபென்னா பதறவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு துறைமுகம், அப்பா கத்தியது, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் நீங்கள் எழுதியபடியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"வேற எதுவும் எங்களுக்குத் தெரியாது. போட்டோ இல்ல. அவரோட பொருள் எதுவும் இல்ல" என்றாள். ரீ அம்மா கைக்குட்டையைத் தேடுவது வேலியோரத்திலிருந்தே தெரிந்தது.

நான் எத்தனையோ வகுப்புகளை அமைதியாக்கியிருக்கிறேன். அன்றைக்கு அங்கே இருந்த அமைதி எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அங்கே நின்று அழுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

இறங்கப் போனவள் திரும்பி வந்து மைக்கைப் பிடித்தாள்.

"இது நிஜம். இதை எனக்குச் சொன்னது அவரோட தங்கச்சி" என்றாள்.

சொல்லிவிட்டு எங்கள் பக்கமாகத்தான் நடந்து வந்தாள். குனிந்து போல்லேயின் தலையைத் தடவினாள். என்னை அவள் பார்க்கவில்லை.

அலைடா